அன்று அவர் மேசையைத் தட்டினார்

ஏழுமலைக்கு,

இது உன் அப்பா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்து யாரோ சின்னப் பிள்ளை கிறுக்கியது என்று ஓரமாக வைத்துவிடாதே. நானேதான். இத்தனை வருஷமாக உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டுமென்றால் காதர் பாய் டீக்கடைக்குப் போய் நிற்பேன். அங்கே வருகிறவர்களில் படித்தவர் ஒருவரைப் பிடித்து, சொல்லச் சொல்ல எழுதவைப்பேன். எழுதுகிறவர் வேற்று ஆள் என்பதால் சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிடுவேன். இனி விழுங்க வேண்டியதில்லை. ஜெபமேரி டீச்சர் கிளியனூரிலிருந்து சாயங்கால பஸ்ஸில் வந்து சொல்லிக்கொடுத்ததில், உப்பு வாருகிற பலகையைப் பிடித்துக் காய்த்துப்போன கை பேனாவுக்கும் வளைந்துகொடுத்துவிட்டது. நான் மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் தள்ளி வைத்துப் பார்க்கிறேன். உன் அம்மா, "கோலம் போட்டவளே இப்படிப் பாக்கமாட்டா" என்கிறாள்.

படிக்க வந்த புதிதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வேன். இந்தக் கிழவனுக்கு உலகம் முழுக்க யாரோ புதிதாகப் பெயின்ட் அடித்த மாதிரி இருந்தது. திண்டிவனம் பஸ்ஸில் உட்கார்ந்து கடை போர்டு, சுவர் விளம்பரம், மைல் கல் என்று ஒன்று விடாமல் படித்துக்கொண்டு போனேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "ஏம்பா பெருசு, மனசுக்குள்ள படிக்கக் கூடாதா? பின்னாடி புள்ள தூங்குது" என்றார். மனசுக்குள் படிப்பது எப்படி என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போது தெரியும். தெரிந்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டி வந்தது.

நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த முதல் புத்தகம் நீ எழுதியதுதான். எம்.எல்.ஏ. ஐந்து வருஷத்தில் சட்டசபையில் என்னென்ன செய்தார் என்று நீ தொகுத்துப் போட்டாயே, வழவழப்பான அட்டையில் அவர் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற படத்தோடு, அது. பின் அட்டையில் பொடி எழுத்தில் உன் பெயர் இருந்ததைக் கண்டுபிடித்து, ஊரில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் காட்டினேன். அவர் கேட்ட கேள்விகளெல்லாம் நீ எழுதிக்கொடுத்தவை என்று எனக்குத் தெரியும். நம் உப்பளத்துக்குப் போகிற மண் பாதையைத் தார் ரோடாகப் போடுவார்களா என்ற கேள்வியை உன் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள், "மந்திரி இன்னா பதில் சொன்னாரு?" என்றாள். பரிசீலனையில் உள்ளது என்று இருந்தது. "அப்படின்னா?" என்றாள். பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம் என்றேன். "பாக்கட்டும், எவ்ளோ நேரம்தான் பாப்பாங்க" என்று உலையை இறக்கப் போய்விட்டாள். அவள் கேலி செய்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. என் பிள்ளை எழுதிய கேள்விக்கு ஒரு மந்திரி எழுந்து நின்று பதில் சொல்லியிருக்கிறார்.

அவரை நான் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. கடல் உள்ளே வந்த அந்த மார்கழியில் எக்கியார்குப்பத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி நின்றவர். நம் அளத்துக்கும் வந்தார். பாத்தியெல்லாம் கரைந்து ஒரே குட்டையாகக் கிடந்ததைப் பார்த்து அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். உன்னை அன்றைக்குத்தான் கூட வைத்துக்கொண்டார். அடுத்து வருகிற உள்ளாட்சித் தேர்தலில் உன்னை நிறுத்துவதாகச் சொல்லியிருக்கிறார் என்பதும் தெரியும். நீ ஜெயிக்க வேண்டும் என்று உன் அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறாள். இதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

அந்தப் புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கம் இருக்கிறது. கரையோரத்தில் குத்தகைக்கு விட்ட நிலங்களைத் திரும்ப எடுத்து வேறு காரியத்துக்குக் கொடுக்கலாம் என்கிற மசோதா வந்தபோது, நம் உறுப்பினர் உப்பளத் தொழிலாளர் பக்கம் நின்று கடுமையாக எதிர்த்து வாக்களித்தார் என்று எழுதியிருக்கிறாய். தேதியும் போட்டிருக்கிறாய். அந்தத் தேதியை நான் மறக்க வழியில்லை. மறுநாள்தான் பாவாடை மகளுக்கு வளைகாப்பு. என்னோடு சிறு வயதிலிருந்து அளத்தில் நிற்கிற பாவாடை, வீட்டில் அவ்வளவு வேலையைப் போட்டுவிட்டு எங்களோடு வேன் ஏறினான். ஏனென்றால் அன்றைக்குத்தான் நீ எங்களைச் சட்டசபை பார்க்க மெட்ராசுக்குக் கூட்டிக்கொண்டு போனாய்.

அந்த நாளை உனக்கு நினைவுபடுத்துகிறேன். நீ கீழே அவருடைய காகிதங்களோடு நின்றுவிட்டாய். நாங்கள் மேலே பார்வையாளர் மாடத்தில் இருந்தோம். காவலர் வந்து, கை தட்டக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, கம்பியில் சாயக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஏசிக் குளிரில் பாவாடை துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு, "இங்க உப்பு வெச்சா ஒரு மணிகூட வெளயாது" என்றான். கீழே வாசித்ததெல்லாம் எங்களுக்குப் பாதிதான் புரிந்தது. நடுவில் உப்பளம் என்ற சொல் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. எல்லோரும் ஒருவர் முழங்கையை ஒருவர் இடித்துக்கொண்டோம். "நம்ம அளத்தப் பத்திதான் பேசறாங்க" என்றான் பாவாடை. பிறகு தலைவர் நாற்காலியில் இருந்தவர், ஆதரிக்கிறவர்கள் ஆம் என்று சொல்லுங்கள் என்றார். ஒரு பெரிய சத்தம் எழுந்தது. எதிர்க்கிறவர்கள் இல்லை என்று சொல்லுங்கள் என்றார். அந்தச் சத்தம் சின்னதாக இருந்தது. நிறைவேறியது என்றார். உடனே நம் எம்.எல்.ஏ. இரண்டு கையாலும் முன்னால் இருந்த மேசையைப் படபடவென்று தட்டினார். தட்டிக்கொண்டே தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தார். எங்களுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

நீ அந்தப் புத்தகத்தைக் காதர் பாய் கடையில் வைத்துப் படித்துக்காட்டினாய் அல்லவா, அன்றைக்குப் பாவாடை என்ன செய்தான் தெரியுமா? நீ வண்டி ஏறிப் போனதும் எழுந்து நின்று, "இந்தப் புள்ள எழுதினது சத்தியம்டா. நான் கண்ணால பார்த்தேன். மசோதா பாஸ் ஆச்சுன்னு சொன்னதும் அவருக்கு இன்னா கோவம்! மேசைய எப்படி அடிச்சாருன்றீங்க?" என்று சொல்லி, கடை மேசையை இரண்டு கையாலும் ஓங்கி அடித்துக் காட்டினான். கண்ணாடி கிளாஸ் இரண்டு கீழே விழுந்து உடைந்தது. "கோவத்த அங்கயே வுட்டுட்டு வந்திருக்கலாம் இல்ல பாவாடை, என் கிளாசு இன்னா பண்ணுச்சு?" என்றார் காதர் பாய். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வேனில் வந்த எல்லோரும், ஆமாம், நாங்களும் பார்த்தோம், அப்படியொரு கோபம் என்றார்கள். நம் ஆட்களுக்கு மேசையை அடிப்பதென்றால் அது ஒன்றுதானே அர்த்தம்? கூலி பேசும்போது ஆத்திரம் வந்தால் கிடைத்ததை ஓங்கித் தட்டுவோம். சந்தோஷத்துக்கு யாராவது மரத்தைப் போட்டு அடிப்பார்களா?

அடிப்பார்கள் என்று எனக்கு ஒரு பழைய பேப்பர் சொன்னது. பொங்கலுக்கு முன்னால் முடி வெட்டிக்கொள்ளப் போனபோது, கடையில் கிடந்த பேப்பரை வழக்கம்போல எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். சட்டசபைச் சேதி. ஏதோ ஒரு அறிவிப்பு வந்ததும் உறுப்பினர்கள் மேசையைத் தட்டி வரவேற்றனர் என்று போட்டிருந்தது. நான் தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று திரும்பக் கூட்டினேன். அப்படியேதான் இருந்தது. சாயங்காலம் டீச்சரிடம் கேட்டேன். "ஆமாங்க ஐயா, அங்க கை தட்டமாட்டாங்க. புடிச்சிருந்தா மேசைய தட்டுவாங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். எனக்கு அதற்கு மேல் ஒரு எழுத்தும் ஓடவில்லை. எங்கள் அளத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானதும் அவர் மகிழ்ந்து மேசையைத் தட்டியிருக்கிறார். அதைப் பார்த்து நாங்கள் மேலே உட்கார்ந்து பூரித்திருக்கிறோம்.

பொங்கல் முடிந்து நீ கிளம்பும்போது பஸ் ஸ்டாப்பில் கேட்டேன். நீ சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் காதில் இருக்கிறது. "யப்பா, அது குரல் வாக்கெடுப்பு. எல்லாரும் ஒண்ணா சத்தம் போடுவாங்க. யாரு இன்னா சொன்னாங்கன்னு பேர் போட்டு எழுதமாட்டாங்க."

"நான் பார்த்தேனேடா" என்றேன்.

"நீ பார்த்தது பதிவு ஆவாதுப்பா. அவரு ஆதரிச்சாருன்னும் எழுதல, எதிர்த்தாருன்னும் எழுதல. அப்ப நாம எழுதறதுதான்."

"அவரு எதிர்க்கலையே?"

"மனசுக்குள்ள எதிர்ப்புதான்பா அவருக்கு. கட்சி சொன்னா தட்டித்தான் ஆவணும். எலெக்ஷன் முடியட்டும், குத்தகைய அவரே பேசி நிறுத்திக் குடுப்பாரு. நீ இத எங்கயும் போய் பேசிட்டு இருக்காத."

பஸ் வந்தது. நீ ஏறினாய். ஜன்னல் வழியாகக் கை காட்டினாய். எனக்குக் கை எழவில்லை.

ஏழுமலை, இங்கே இப்போது என்ன நடக்கிறது என்று உனக்குச் சொல்கிறேன். நம் சங்கத்துக் குத்தகை அளத்தில் மழைத் தண்ணீர் வடிந்துவிட்டது. ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று பாத்தியைக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். அதே அளத்தின் கிழக்கு ஓரத்தில் நாலு பேர் வந்து சங்கிலி போட்டு அளந்தார்கள். போகும்போது மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லை ஊன்றிவிட்டுப் போனார்கள். மறுநாள் இன்னும் உள்ளே தள்ளி ஒரு கல். பிறகு பாத்திக்கு நடுவிலேயே ஒன்று. நம் பெண்கள் அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு மிதிக்கிறார்கள். "இது இன்னாத்துக்கு?" என்று ஒருத்தி கேட்டதற்கு, பாவாடை, "சும்மா அளப்பாங்க. அவரு எதிர்த்து ஓட்டுப் போட்டிருக்காரு, ஏழுமல புக்குல எழுதியிருக்கான். ஒரு கல்லு ஒண்ணும் பண்ணாது" என்றான். சொல்லிவிட்டு ஈரத் துண்டை அந்தக் கல்லின் மேலேயே காயப் போட்டான். மஞ்சள் கல் மேல் அந்தத் துண்டு காற்றில் அடித்துக்கொண்டிருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

குத்தகை நிலத்தைத் திரும்ப எடுப்பதில் ஆட்சேபணை இருப்பவர்கள் திண்டிவனம் ஆபீசுக்கு வந்து சொல்லலாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நீதான் கடையில் வைத்து, யாரும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டாம், எம்.எல்.ஏ. அண்ணன் பார்த்துக்கொள்வார் என்றாய். யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. பஸ் ஸ்டாப்பில் நாம் பேசியதற்குப் பிறகு நீ எப்படியாவது ஆள் அனுப்பிச் சரி செய்வாய் என்று காத்திருந்தேன். அது என் தப்பு. அந்தத் தேதி தாண்டிப்போனது. பிறகு இன்னொரு நோட்டீஸ் வந்தது. ஒட்டிவிட்டு அவர்கள் போன பின் நான் ஒருவனே நின்று அதைப் படித்தேன். முதல் விசாரணையில் ஆட்சேபணை எதுவும் வரவில்லை என்று குறிக்கப்பட்டதாகவும், வரும் திங்கட்கிழமை கடைசி விசாரணை என்றும் இருந்தது. போகாமல் இருந்தால் சம்மதம் என்று ஆகிவிடும் போலிருக்கிறது. நம் ஆட்கள் சம்மதம் என்று எங்கேயும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவர்களுக்காக எழுதிவைத்தாகிவிட்டது.

இப்போது எல்லோரும் என்னிடம் காட்டுகிற மரியாதைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. டீக்கடையில் நான் போனால் எழுந்து இடம் விடுகிறார்கள். அளத்தில் என்னைக் குனிய விடுவதில்லை. "ஏழுமலையோட அப்பா, நீ குந்து" என்கிறார்கள். நீ சின்னவனாக இருந்தபோது நம் அளத்தில் ஒரு கங்காணி இருந்தான். உனக்கு நினைவிருக்காது. கூலி ஏற்றிக் கொடுக்க முதலாளி ஒத்துக்கொண்டார் என்று அவன் சொன்னதை நம்பி ஜனங்கள் கோடை முழுக்க வேலை செய்தார்கள். முதலாளி அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்று கடைசியில் தெரிந்தது. யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. முதலாளியை வேண்டுமானால் திட்டினார்கள். அவனிடம் மட்டும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அந்த ஐப்பசியில் அவன் அம்மா இறந்துபோனாள். பாடையைத் தூக்க ஒருவரும் வரவில்லை. அவனும் அவன் பெண்டாட்டியும் மாட்டு வண்டியில் கிடத்தி எடுத்துக்கொண்டு போனதை நானும் வரப்பில் நின்று பார்த்தேன். எம்.எல்.ஏ. தோற்றால் வேறு ஊரில் போய் இருப்பார், ஜெயித்தால் மெட்ராசில் எம்.எல்.ஏ. விடுதியில் இருப்பார். இந்த ஊர் அவரைத் திட்டிவிட்டு மறந்துவிடும். உன்னைத் திட்டாது. எனக்கு அதுதான் பயம்.

நீயும் ஒரு நாள் ஒரு மேசைக்கு முன்னால் உட்காரலாம். பஞ்சாயத்து மேசையோ, அதைவிடப் பெரிய மேசையோ. அப்போது உனக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். உன் கை எதற்குத் தட்டுகிறது என்று மேலே இருந்து பார்க்கிறவர்களுக்குப் புரியாமல் இருக்கலாம். புரியவில்லை என்பதை நம்பித் தட்டாதே. யார் எந்தப் பக்கம் என்று எழுதிவைக்காத இடத்தில்தான் நீ இன்னும் சரியாக இருக்க வேண்டும். அவர் கட்சிக்குக் கட்டுப்பட்டார், அது அவர் தொழில், அதை அப்படியே எழுதியிருந்தாலும் ஜனங்கள் நாலு நாள் கோபப்பட்டுவிட்டு, நோட்டீஸ் ஒட்டிய அன்றைக்கே திண்டிவனத்துக்கு ஓடியிருப்பார்கள். அவர் ஆம் என்று சொன்னது எங்களைக் கெடுக்கவில்லை. எதிர்த்தார் என்று நீ எழுதியதுதான் எங்களை வீட்டில் உட்காரவைத்தது.

நேற்று பாவாடையிடம் சொல்லிவிட்டேன். அளத்துக் கரையில் வைத்துத்தான் சொன்னேன். அவர் மேசையைத் தட்டியது கோபத்தில் இல்லை, அது வரவேற்கிற தட்டு என்றேன். முதலில் சிரித்தான். "யாருடா சொன்னது, உன் டீச்சரா?" என்றான். முடி வெட்டுகிற கடையில் கேட்டு வாங்கிவந்த அந்தப் பேப்பரைக் காட்டினேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. என் முகத்தைத்தான் படித்தான். "ஏழுமலைக்குத் தெரியுமா?" என்று கேட்டான். நான் பேப்பரை மடித்து மடியில் சொருகிக்கொண்டேன். அவன் எழுந்து போய்க் கல்லின் மேல் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனான். சாயங்காலம் காதர் பாய் கடையில் யாரும் எனக்கு எழுந்து இடம் விடவில்லை. பாய் மட்டும், "குந்துங்க" என்றார்.

திங்கட்கிழமைக்குள் எண்பது வீட்டுக்கும் தனித்தனியாக மனு எழுத வேண்டும். டீச்சர் எழுதுகிறார். நானும் எழுதுகிறேன். எனக்கு ஒரு மனு எழுத ஒரு பொழுது போகிறது. நீ வந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் எழுதிவிடுவாய். உன் கை அவ்வளவு வேகம். மெட்ராசிலிருந்து சனிக்கிழமை கிளம்பினாலும் போதும். இந்தக் கடிதத்தின் உறையை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். விடுதியில் யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். அவரும் படிக்கட்டும்.

மனுவில் ஒரு இடம் இருக்கிறது. முதல் விசாரணைக்கு ஏன் வரவில்லை என்று கேட்பார்கள், அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்றார் டீச்சர். எங்கள் உறுப்பினர் இந்த மசோதாவை எதிர்த்து வாக்களித்ததாகவும், ஆகையால் யாரும் வரத் தேவையில்லை என்றும் எங்களிடம் சொல்லப்பட்டது என்று எழுதிக்கொடுத்தார். யார் சொன்னது என்று பெயர் போடாவிட்டால் அந்தக் காரணம் நிற்காதாம். எழுதி முடித்த எல்லா மனுவிலும் அந்த இடத்தைக் காலியாக விட்டுவைத்திருக்கிறேன். நீ வந்து உன் கையால் நிரப்பிக் கையெழுத்துப் போட்டால், தப்பு எழுதியவனே வந்து திருத்தினான் என்று ஆகும். ஜனங்கள் அதை மறக்கமாட்டார்கள்தான். ஆனால் உன்னோடு பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைசி பஸ் வரும்வரை காத்திருப்பேன். அதில் நீ இறங்கவில்லை என்றால் நானே எழுதிவிடுவேன். உன் பெயரை எழுத எனக்கு டீச்சர் துணை வேண்டியதில்லை.

உன் அப்பா